ஆறு வருட வகுப்பு, பூஜ்ய வருட ஓய்வூதியம்

கேள்வி: எனக்கு வயது 38. தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. கணிதம் படித்தேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு வந்துவிட்டது. கணவர் மென்பொருள் துறையில் 185,000 டாலர் சம்பளத்தில் இருக்கிறார். பத்து வயதில் ஒரு மகள். ஆறு வருடமாக இரண்டு கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) பகுதிநேரமாகக் கணிதம் எடுக்கிறேன். ஒன்றில் 7 யூனிட் (பாடச்சுமையின் அளவு), இன்னொன்றில் 6 யூனிட், இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 56,000 டாலர். இப்போது ஒரு தனியார் நிறுவனம் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு 98,000 தருவதாகச் சொல்கிறது. ‘படித்த படிப்புக்கு இப்படி ரெண்டு காலேஜுக்கும் காரில் அலையணுமா’ என்று ஊரில் அம்மா கேட்கிறார். வேலையை விட்டுவிடலாமா? காலேஜ் ஓய்வூதியம் வாங்கினால் கணவர் வழியாக வரும் சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு ஓய்வூதியம் குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த சம்பளச் சீட்டுகளைப் பார்த்தபோது மனசு கனத்தது. 56,000-க்கும் 98,000-க்கும் உள்ள இடைவெளி அதற்குக் காரணமல்ல. முதல் காலேஜில் உங்களைக் ‘கேஷ் பேலன்ஸ்’ என்ற, சேமிப்புக் கணக்கு போன்ற திட்டத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் சோஷியல் செக்யூரிட்டிக்குப் பதிலாக வைத்திருக்கும் ஒரு சேமிப்புத் திட்டம். கலிபோர்னியா ஆசிரியர்களுக்கான கால்ஸ்டர்ஸ் அமைப்பின் உண்மையான ஆயுள்கால ஓய்வூதியமான ‘டிஃபைன்டு பெனிஃபிட்’ திட்டத்தில் நீங்கள் ஒரு நாள்கூட இல்லை. ஆறு வருடம் கால்குலஸ் எடுத்த ஆசிரியையின் ஓய்வூதியக் கணக்கில் சேவைக்காலம் பூஜ்யம். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இது உங்கள் தவறு என்று நினைக்காதீர்கள். பகுதிநேரக்காரர்கள் தாமாகக் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் சேர முடியும். முதல் நாள் கொடுக்கும் காகிதக் கட்டில் அது எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும்.

சேர்ந்தால் என்ன கிடைக்கும்? 2013 முதல் சேருபவர்களுக்கு 62 வயதில், சேவை வருடம் ஒன்றுக்கு இறுதிச் சம்பளத்தில் 2 சதவீதம். 65 வரை பொறுத்தால் அது 2.4 சதவீதம். இறுதிச் சம்பளம் என்பது தொடர்ச்சியான 36 மாதங்களில் அதிகபட்சச் சராசரி. சம்பளத்தில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் பிடிப்பார்கள், ஆனால் 6.2 சதவீத சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் இருக்காது. முழுநேர ஆசிரியரின் பாடச்சுமை, அதாவது முழுச்சுமை, 15 யூனிட். நீங்கள் இரண்டு இடத்திலும் சேர்த்து எடுப்பது 13. ஆக வருடத்துக்கு 0.87 சேவை வருடம் ஏறும். ஐந்து சேவை வருடம் நிறைந்தால் ஆயுள்கால ஓய்வூதியத்துக்குத் தகுதி. இரண்டு காலேஜிலும் இப்போதே எழுதிக் கொடுத்தால் 44 வயதில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள்.

கணித ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இது பெருக்கல். சேவை வருடம் ஒரு காரணி, இறுதிச் சம்பளம் இன்னொரு காரணி. பகுதிநேரத்தில் சேர்த்த வருடங்களும் கடைசியில் நீங்கள் வாங்கும் முழுநேரச் சம்பளத்தோடுதான் பெருக்கப்படும். 40 வயதில் முழுநேர வேலை கிடைத்து 62-ல் ஓய்வு பெற்றால் ஏறக்குறைய 23.7 சேவை வருடம், அதாவது 47 சதவீதம். இன்றைய விலைவாசியில் இறுதிச் சம்பளம் 110,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 52,000 டாலர், உயிரோடிருக்கும் வரை. கடைசிவரை பகுதிநேரம்தான் என்றால்? உங்கள் 56,000-ஐ முழுச்சுமைக்கு விரித்தால் 64,000-க்கு மேல். 62 வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 27,000. அது சிறிய தொகையல்ல.

விட்டுப்போன ஆறு வருடங்களையும் விலை கொடுத்து வாங்க முடியும், உறுப்பினரான பிறகு. உங்கள் வயதும் சம்பளமும் ஏற ஏற விலையும் ஏறும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். இரண்டாவது காலேஜ் திட்டத்தில் கிடக்கும் 11,000 டாலரைக் கையில் வாங்கிச் செலவழிக்காதீர்கள். வரி கட்டாமல் அதை நேரடியாகக் கால்ஸ்டர்ஸுக்கு மாற்றி, பழைய வருடங்களை வாங்கப் பயன்படுத்த முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி 98,000. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கார் ஓட்டும் நேரம், தாள் திருத்தும் நேரம் எல்லாம் சேர்த்து வாரம் 35 மணி நேரம், வருடத்தில் 35 வாரம். மணிக்கு ஏறக்குறைய 46 டாலர். அந்த நிறுவனத்தில் பயணத்தோடு வாரம் 50 மணி நேரம், 48 வாரம் என்று கொண்டால் மணிக்கு 41. அவர்கள் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடும் 4 சதவீதத்தைச் சேர்த்தாலும் 42-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உங்கள் குடும்ப வருமானத்தில் கூடுதலாக வரும் 42,000-க்கு மத்திய அரசு 24, மாநிலம் 9.3 சதவீதம் எடுக்கும். சோஷியல் செக்யூரிட்டியும் போக மிஞ்சுவது ஏறக்குறைய 21,000. மகளுக்குப் பள்ளி முடிந்தபின் ஆள் வைக்கும் செலவும் கோடைக்கால முகாமும் அதில்தான். அம்மா கேட்ட ‘அலையணுமா’வுக்கு என் பதில்: மணிக்கணக்கில் பார்த்தால் நீங்கள் மலிவாக உழைக்கவில்லை.

சோஷியல் செக்யூரிட்டி பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2025 ஜனவரி 5-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அப்படிக் குறைத்துவந்த இரண்டு விதிகளையும் நீக்கிவிட்டது. கணவர் வழியாக உங்களுக்கு வரவேண்டியதைக் கால்ஸ்டர்ஸ் ஓய்வூதியம் இனிக் குறைக்காது. பழைய வீடியோக்களைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்காதீர்கள்.

ஆனால் பகுதிநேரத்தின் நிலையின்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழுநேர ஆசிரியரின் வகுப்பு ரத்தானால் உங்கள் வகுப்பு அவருக்குப் போகும். ஒரே கல்லூரி மாவட்டத்தில் (காலேஜ்களை நடத்தும் உள்ளூர் அமைப்பு) முழுச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் உங்களுக்குத் தரச் சட்டம் இடம் தராது. அதனால்தான் இரண்டு காலேஜ். கணிதத்தில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2017-இல் வந்த ஏ.பி. 705, 2022-இல் வந்த ஏ.பி. 1705 ஆகிய சட்டங்களால் அடிப்படை அல்ஜீப்ரா வகுப்புகள் பெருமளவு போய்விட்டன. மாணவர்கள் நேரடியாகப் புள்ளியியலுக்கும் கால்குலஸுக்கும் வருகிறார்கள். அல்ஜீப்ராவை மட்டும் நம்பியவர்கள் வகுப்பில்லாமல் தவிப்பதைப் பார்க்கிறேன். புள்ளியியல் வகுப்பு ஒன்றையாவது அடுத்த பருவத்தில் கேட்டு வாங்குங்கள். அடிப்படையில் பின்தங்கியவர்களுக்கான துணை வகுப்போடு சேர்ந்த கால்குலஸ் எடுத்த அனுபவமும் முழுநேர நேர்காணலில் எடுபடும்.

என் தீர்ப்பு இது. அந்த வேலையை இப்போது ஏற்க வேண்டாம். இரண்டு ஆள்சேர்ப்புப் பருவம் முழுமூச்சாக முயலுங்கள். மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் நான்கு வருட ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்), பிறகு டென்யூர் என்ற நிரந்தரப் பணி. இரண்டு பருவத்திலும் கிடைக்காவிட்டால் வெளி வேலைக்குப் போங்கள், மாலையில் ஒரே ஒரு வகுப்பை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சேவைக்காலம் கொஞ்சமாவது ஏறிக்கொண்டிருக்கும்.

மருத்துவக் காப்பீட்டுக்குக் கணவரின் வேலையை மட்டுமே நம்பியிருக்கிறீர்கள். மென்பொருள் துறையின் ஆட்குறைப்புகளைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்: 40 சதவீதமோ அதற்கு மேலோ சுமை எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்களின் காப்பீட்டுக்காக 2022 முதல் மாநிலம் பெரிய தொகை ஒதுக்குகிறது. உங்கள் மாவட்டங்கள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று யூனியனிடம் கேட்டு வையுங்கள். காலேஜில் 457(பி) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதில் மாதம் கொஞ்சம் போடுங்கள். வேலையை விட்டபின் எந்த வயதிலும் 10 சதவீதத் தண்டம் இல்லாமல் எடுக்கலாம் என்பதால் வகுப்பு கிடைக்காத காலத்துக்கு அது கைகொடுக்கும்.

கடைசியாக, கோடையில் வகுப்பு இல்லாதபோது வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததே இல்லை, கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மாணவர் சேர்க்கையைப் பொறுத்துத்தான் அடுத்த வகுப்பு என்று சொல்லப்பட்ட ஆசிரியருக்கு அடுத்த பருவ வேலை உறுதியானதாகக் கருத முடியாது என்று 1989-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் செர்வீசி வழக்கில் தீர்ப்பளித்தது. இது தர்மக்காசு அல்ல, உங்கள் உரிமை. மே மாதக் கடைசித் தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ‘டிஃபைன்டு பெனிஃபிட்’ திட்டத்தில் சேரும் கால்ஸ்டர்ஸ் படிவத்துக்கு மே வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு காலேஜின் மனிதவளப் பிரிவுக்கும் இந்த வாரமே எழுதுங்கள். அந்தப் படிவத்தைக் கொடுத்தபின் திட்டத் தேர்வை மாற்ற முடியாது என்பதால் கணவரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.