பின்சக்கர பேரிங்: ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பைக்கின் பின்சக்கரம் ஆடுகிறது, உறுமுகிறது. ஒரு பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, சுத்தியலால் அடித்தே ஏற்றலாமா என்கிறீர்கள்.

ஒன்று போதாது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் இரு பக்கமும் மாற்றுங்கள். பல வண்டிகளில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் பகுதியிலும் தனியாக ஒரு பேரிங் உண்டு. பலர் மறப்பது அதைத்தான். பழையதன் விளிம்பில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ.

சுத்தியல் பரவாயில்லை, அடி விழும் இடம்தான் முக்கியம். ஹப்பைச் சற்றுச் சூடாக்கி, பேரிங்கின் வெளிவளையத்தின் அளவுள்ள ஸ்பேனர் சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். உள்வளையத்தில் அடித்தால் அந்த அதிர்ச்சி குண்டுகள் வழியாகப் போய் அவை உருளும் பாதையில் குழி விழும். புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும். கழற்றும்போது வேறு வழியின்றி உள்வளையத்தில்தான் அடிக்கிறோம், அதனால் கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயை மறந்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் பிரித்தவன் நான். ஒரு பக்கத்தை முழுதாக இறக்கிய பின் ஸ்பேசரை வையுங்கள். மறுபக்கத்து பேரிங்கின் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓர் அடி போட்டாலும் பக்கவாட்டு அழுத்தத்தில் சக்கரம் இறுகிச் சுற்றும்.