பயாஸ்கோப் தாத்தா பதில்கள்

கேள்வி: தாத்தா, 'ஜூலு' படத்தை டிவியில் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஜூலு மக்கள் நடித்திருக்கிறார்களே, அவர்கள் நம்ம டர்பன் பயாஸ்கோப்புக்கு வந்து அதைப் பார்த்தார்களா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

எல்லோரையும் எங்கே பார்க்கவிட்டார்கள், கண்ணு! தென்னாப்பிரிக்காவில், நம்ம நடாலில், டிராக்கன்ஸ்பர்க் மலையடியில் 1963-ல் எடுத்த படம். 1964-ல் வெளிவந்தபோது கறுப்பின மக்கள் பார்க்கக்கூடாது என்று நிறவெறி அரசின் தடை. நடித்த ஜூலு மக்களுக்கு மட்டும் டர்பனிலும் சில சிறு ஊர்களிலும் ஒருசில தனிக்காட்சிகள் போட்டார்கள். ஈட்டியோடு வந்து வெள்ளைச் சிப்பாய்களைச் சுற்றி வளைப்பதை அவர்களே பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம்தான், வேறென்ன? படத்தில் ஜூலு மன்னர் செட்டிவாயோவாக வந்தவர் மங்கோசுத்து புத்தலேசி. அந்த மன்னரின் கொள்ளுப்பேரன், பின்னாளில் மண்டேலா அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். அவருக்கே படத்தில் பேச்சு கொஞ்சம்தான்.

எண்பதுகளில் என்னோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஜூலு நண்பர், தன் அண்ணன் அதில் ஓடியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசெட்டை வாடகைக்கு எடுத்து வந்து அவரைக் கூப்பிட்டேன். மலை விளிம்பில் வரிசையாக வந்து நிற்பார்களே, அந்த இடம் வந்ததும், "நிறுத்து, இவன்தான்" என்றார். திருப்பி ஓட்டினேன். இந்த முறை வேறொருவனைக் காட்டினார். நாலு தடவை ஓட்டினோம், நாலு அண்ணன். என் வீட்டுக்காரி வைத்த பீன்ஸ் கறி ஆறிப்போனது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது என்னைப் படிக்கச் சொன்னார். ஜூலு பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அண்ணன் பெயர் இல்லை. "சரி, மறுபடியும் மலைக்குப் போ" என்றார்.

கேள்வி: 'ஜூலு' படத்தில் ஜூலு வீரர்களும் வெள்ளைச் சிப்பாய்களும் மோதும் அந்தச் சண்டை 1879-ல். நம்ம இந்தியர்கள் அப்போதே நடாலில் இருந்தார்களே, படத்தில் ஒருத்தரையும் காணோமே?
— வாசகர், டொங்காட்

இந்தியத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் வந்தது 1860-ல், வாஸ்தவம். ஆனால் நம்மவர்கள் கடலோரக் கரும்புத் தோட்டத்தில். சண்டை நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் உள்நாட்டு எல்லையில். இதற்குப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் இந்தியாவில் நடக்கிற கதைகள் மேல். 1939-ல் வந்த 'கங்கா தின்' படத்தில் தண்ணீர் சுமக்கும் இந்தியனாக வந்தவர் சாம் ஜாஃபி என்ற அமெரிக்கர், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு! இருபது வருஷம் கழித்து, 'நார்த் வெஸ்ட் ஃபிரான்டியர்' படத்தில் ரயில் டிரைவர் குப்தாவாக நம்ம இந்தி நடிகர் ஐ. எஸ். ஜோகரே வந்தார். ரயில் ஓடுவது அவர் கையால்தான். கதை மட்டும் வெள்ளைக்காரக் கேப்டன் பின்னால் போகிறது.