ஆய்வகத்தில் வீக்கத்தைக் குறைத்த சேர்மம், கவுட்டுக்கு மருந்தாகுமா?

கேள்வி: மூன்று வருடமாக எனக்கு கவுட் (யூரிக் அமிலப் படிகங்களால் வரும் மூட்டு வீக்கம்) இருக்கிறது. யூரிக் அமிலம் 8-ஐத் தொட்டதால், அதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு தாவரச் சேர்மம் ஆய்வகச் சோதனையில் கவுட் அழற்சியை நன்றாகக் குறைத்தது என்று படித்தேன். மாத்திரையாகவும் விற்கிறார்கள். அதற்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

"குறைத்தது" என்று படித்தால், எதில் குறைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் தட்டில் வளர்த்த செல்களில்தான். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், மூட்டில் ஊசி ஊசியாகப் படிகங்கள் சேரலாம். அவற்றை விழுங்கும் பாதுகாப்பு செல்களுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டம் கிளம்பி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தை வெளியே அனுப்புகிறது. கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போகும் வலிக்கு முக்கியக் காரணம் இதுதான். சோதனையில், செல்களோடு படிகத்தையும் சேர்மத்தையும் சேர்த்து, எவ்வளவு இன்டர்லூகின் வருகிறது என்று அளக்கிறார்கள்.

இந்த அளவு எளிதில் ஏமாற்றும். சேர்மம் செல்களைக் கொன்றுவிட்டாலும் இன்டர்லூகின் குறையும். அதனால் செல்கள் உயிரோடு இருந்தனவா என்று காட்டாத ஆய்வை நான் நம்புவதில்லை. அப்புறம், தட்டில் ஊற்றிய செறிவு ரத்தத்தில் கிடைக்க வேண்டுமே! பல தாவரச் சேர்மங்களைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றிவிடுகிறது.

சரி, எலிகளில் வேலை செய்தால்? யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி எலிக்கு உண்டு, நமக்குக் கிடையாது. அதனால் படிகத்தை ஊசியில் ஏற்றித்தான் எலிக்கு வீக்கம் வரவைக்கிறார்கள். பல ஆய்வுகளில் சேர்மத்தை அதற்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். நாமோ வலி வந்த பிறகுதான் மாத்திரையைத் தேடுகிறோம்.

மனிதர்களிடம் சோதிப்பதில் வேறொரு சிக்கல். கவுட் வலி மருந்தில்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எதைச் சாப்பிட்டாலும் "கேட்டது" என்று தோன்றும். அதனால்தான் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிடுவது அவசியம். கவுட் வலிக்குக் கொடுக்கும் கோல்சிசின் மருந்தை அப்படிச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளியானது. 24 மணி நேரத்தில் வலி பாதிக்கும் கீழே இறங்கியவர்கள், குறைந்த அளவில் (மொத்தம் 1.8 மில்லிகிராம்) சுமார் 38 சதவீதம், அதிக அளவில் (4.8 மில்லிகிராம்) 33, வெற்று மாத்திரையில் 16. வயிற்றுப்போக்கோ அதிக அளவில் 77 சதவீதம், குறைந்த அளவில் 23. பல தலைமுறையாகக் கையில் இருந்த மருந்துக்கே சரியான அளவு இப்படிச் சோதித்த பிறகுதான் தெளிவானது.

உங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அழற்சியை அடக்குவது வேறு, படிகத்தைக் கரைப்பது வேறு. இன்டர்லூகின்-1 பீட்டாவை நேரடியாகத் தடுக்கும் கனகினுமாப் ஊசி, ஒரு பெரிய ஆய்வில் கவுட் தாக்குதலைப் பாதிக்கு மேல் குறைத்தது. யூரிக் அமிலமோ அப்படியேதான் இருந்தது. உங்கள் சேர்மம் உண்மையாகவே வேலை செய்தாலும், அலோபியூரினாலை நிறுத்தினால் படிகம் மூட்டில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும். கூடுதலாக அந்த மாத்திரையைச் சாப்பிட நினைத்தால், டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, வலிக்கு கோல்சிசின் எடுப்பவராக இருந்தாலோ, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.