இரவிகுளத்தில் வரையாடு படமெடுக்க 600 எம்எம் லென்ஸ் தேவையா?

கேள்வி: டிசம்பரில் மூணாறு போகிறேன். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டையும் மலைகளையும் படமெடுக்க ஆசை. என்னிடம் கேனான் கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவும் 18-55, 55-250 லென்ஸ்களும் இருக்கின்றன. 150-600 லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். அந்த வாடகைக் காசில் மூணாறில் இன்னொரு ராத்திரி தங்குங்கள். இரவிகுளத்துக்கு உங்கள் 55-250 தாராளமாகப் போதும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பூங்காவில் பயணிகளை விடுவது ராஜமலைப் பகுதிக்கு மட்டும்தான். கீழே நுழைவிடத்தில் உங்கள் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். அது மேலே இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் மலைச்சரிவை ஒட்டிய ரோட்டில் நடை. வரையாடுகள் அந்த ரோட்டோரத்துப் பாறையிலும் புல்லிலும்தான் மேயும், சில நேரம் ரோட்டின் நடுவிலேயே நிற்கும். பதினைந்து மீட்டரில் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் கேமராவில் 600 எம்எம் போட்டால் அந்தத் தூரத்தில் படச்சட்டத்துக்குள் அடங்குவது அரை மீட்டர் சொச்சம் அகலம். முகமும் கொம்பில் பாதியும் வரும், ஆடு வராது. அதே இடத்தில் 100 எம்எம் வைத்தால் மூன்றே கால் மீட்டர் அகலம் கிடைக்கும். முழு ஆடும் அடங்கும், நிற்கிற பாறையும் வரும், பின்னால் கொஞ்சம் மலையும் வரும்.

இவ்வளவு பக்கத்தில் நிற்கிறதே, காட்டு விலங்குதானா என்று சிலர் கேட்பதுண்டு. காட்டு விலங்குதான். இது ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தங்கள் வேட்டைக்கென்று பாதுகாத்து வைத்திருந்த நிலம். 1971இல் கண்ணன் தேவன் மலைகள் சட்டத்தின் கீழ் அரசு இதை எடுத்துக்கொண்டது, 1975இல் சரணாலயமாக்கியது, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. வேட்டை நின்று பல தலைமுறை ஆகிவிட்டது, ஒரு காலத்தில் உப்பு வைத்துப் பழக்கியும் இருக்கிறார்கள். இன்றைய ஆடுகள் பிறந்ததிலிருந்து தினமும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவை. மற்ற மலைகளில் கதை வேறு. மனிதத் தலை தெரிந்ததும் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மொத்தக் கூட்டமும் பாறைக்கு ஏறிவிடும். அங்கே போவதென்றால் 600 எம்எம் கேளுங்கள், நானே எடுத்துப் போகச் சொல்வேன். லடாக்கின் ஹெமிஸ் பூங்காவில் பனிச்சிறுத்தை தேடுகிறவர்களுக்கு 600 கூடக் குறைச்சல், எதிர்ச்சரிவில் ஒரு புள்ளி தெரிந்தாலே பெரிய விஷயம். எல்லா மலைப் பூங்காவுக்கும் ஒரே லென்ஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு இரவிகுளத்தில் முகத்தை மட்டும் நெருக்கி எடுத்த படங்களில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அதே முகத்தை ஒரு மிருகக்காட்சி சாலையிலும் எடுத்துவிடலாம். என் வீட்டில் மாட்டியிருக்கும் படம் 70 எம்எம்மில் எடுத்தது. படச்சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு கிடா, சின்னதாகத்தான் தெரியும். அது நிற்கும் பாறைக்குக் கீழே புல்வெளி சரிகிறது, மலையின் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு கருப்பச்சையாகத் திரண்டு கிடக்கிறது, அதற்கும் அப்பால் ஒன்றன் பின் ஒன்றாக முகடுகள். புல்லும் சோலையும் இப்படிக் கலந்து கிடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளுக்கே உரியது. வரையாட்டுக்கு மேய இந்தப் புல் வேண்டும், சிறுத்தை வந்தால் ஏறித் தப்ப அந்தச் செங்குத்துப் பாறை வேண்டும். இரண்டும் படத்தில் இருந்தால்தான் அது வரையாட்டுப் படம். விலங்குப் படம் தனி, இயற்கைக் காட்சி தனி என்று பிரித்து எடுக்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை.

இப்படி எடுக்கும்போது பார்க்க வேண்டியது கொம்பு. கிடாவின் உடம்பு கரும்பழுப்பு, முதுகில் வெள்ளி பூசியதுபோல ஒரு திட்டு. கொம்பு பின்னோக்கி வளையும், குறுக்கே வரிவரியாக மேடுகள் இருக்கும். அந்த வளைவு பின்னால் இருக்கும் கரும்பாறையிலோ சோலையிலோ கலந்துவிட்டால் ஆடு தலையில்லாத மாதிரி ஆகிவிடும். இரண்டடி தள்ளி நின்றோ, குனிந்தோ, கொம்பு வானத்துக்கோ வெளிறிய மூடுபனிக்கோ எதிரே வரும்படி பாருங்கள். ஆட்டை நகர்த்த முடியாது, நாம் நகரலாம். பெட்டை சாம்பல் கலந்த பழுப்பு, காய்ந்த புல்லோடு எளிதில் கலந்துவிடும். அதற்குப் பின்னாலிருந்து விழும் வெளிச்சம் நல்லது, முதுகு மயிரில் ஒரு வெளிச்சக்கோடு விழும்.

மூடுபனி என்றேன். டிசம்பரில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆனால் பகல் ஏற ஏறக் கீழே தேயிலைப் பக்கமிருந்து பனி ஏறி வந்து பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது பாதிப் பேர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் விரிக்கிற வெள்ளைக் குடையை மலை முழுக்க விரித்த மாதிரி வெளிச்சம் அது. கிடாவின் கருமை, மயிர் நுனியில் கோத்து நிற்கும் நீர்த்துளி, கண்ணில் குறுக்காகக் கிடக்கும் கருமணி எல்லாம் நிழல் இல்லாமல் துல்லியமாக வரும். இரண்டு விஷயம் மட்டும் கவனம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அவ்வளவு வெள்ளையைப் பார்த்து மிரண்டு படத்தை இருட்டாக்கும், பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 1 வாக்கில் ஏற்றி, இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், வலது ஓரத்தில் முட்டாத வரை சரி. அடுத்தது, ஆட்டோஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸில் வைத்து, கொம்பின் விளிம்பு பனியைத் தொடும் இடத்தில் வையுங்கள், பிடித்துவிடும். ஆடு பக்கவாட்டில் நின்றால் கொம்பும் கண்ணும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

பொன்வெளிச்சம் என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிற விடியல் வெளிச்சம் உங்களுக்குப் பூங்காவுக்குள் கிடைக்காது. காலை எட்டு மணி வாக்கில்தான் உள்ளே விடுவார்கள், சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். இதற்காக வருத்தப்பட வேண்டாம், நீங்கள் போகும் மாதம் அதை ஓரளவு ஈடுகட்டும். மூணாறு பத்தாவது அட்சரேகை அருகில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் 57 பாகைக்கு மேல் ஏறாது. ஏப்ரல் நடுவிலோ உச்சந்தலைக்கு நேராக நின்று மலையைத் தட்டையாக்கிவிடும். அதனால் டிசம்பரில் காலை பத்து மணி வரை சரிவுகளில் நிழல் கிடக்கும், மடிப்புகள் மடிப்புகளாகவே தெரியும். முதல் பேருந்தைப் பிடிக்கப் பாருங்கள். ஆன்லைனில் நேரம் குறித்துச் சீட்டு எடுத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்தை மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் உங்கள் படத்தில் ஆட்டை விட செல்ஃபி குச்சிகள்தான் அதிகம் இருக்கும்.

கேமரா அமைப்புகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரா ஃபைலில் (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். மேயும் ஆட்டுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், குட்டிகள் துள்ளினால் 1/1000க்குக் கீழே போகாதீர்கள். தூரத்து முகடுகளுக்கு, கூச்சத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் உதவும், சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் வேலை செய்யும், பனிக்குள் அதைக் கழற்றிவிடுங்கள், வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. முக்காலி வேண்டாம், அந்த ரோட்டில் நாலு பேர் தடுக்கி விழுவார்கள். குளிரில் நடந்துவிட்டு அறைக்கு வந்ததும் கேமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். ட்ரோன் என்ற பேச்சே கூடாது, அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவில் பறக்கவிட்டால் வழக்குதான்.

ஆடு பக்கத்தில் வருகிறதே என்று நீங்கள் அதன் பக்கத்தில் போக வேண்டாம். மேய்வதை நிறுத்திக் காதை உங்கள் பக்கம் திருப்பினால் நின்றுவிடுங்கள். பிஸ்கட் நீட்டுகிறவர்கள், கொம்பைப் பிடித்து செல்ஃபி எடுக்கிறவர்கள் எல்லாம் அங்கே உண்டு. வரையாடு காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிற விலங்கு, தொட்டால் வனக்காவலர் பேச்சோடு விடமாட்டார். படத்துக்கும் அது நல்லதில்லை: உங்களைப் பார்த்து விறைத்து நிற்கும் ஆட்டை விட, உங்களை மறந்து அசைபோடும் ஆடு எவ்வளவோ மேல்.

ஆட்டை முடித்துவிட்டு நேரம் இருந்தால் ரோட்டோரப் புல்லில் நீலகிரி நெட்டைக்காலி ஓடுகிறதா பாருங்கள். பழுப்புக் குருவிதானே என்று எல்லோரும் கடந்து போய்விடுவார்கள், தென்னிந்திய மலையுச்சிகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அதற்கு 250 கொஞ்சம் எட்டாதுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றுக்காக இரண்டு கிலோ லென்ஸைச் சுமப்பதா என்பது உங்கள் தோளைப் பொறுத்தது.

பயணம் தள்ளிப்போனால் ஒரு விஷயம். பிப்ரவரி, மார்ச் குட்டி போடும் காலம், பூங்காவை மூடிவிடுவார்கள். ஜனவரியில் போவதாக இருந்தால் மாதக் கடைசிக்கு வைக்காமல், அந்த வருட மூடல் தேதியை வனத்துறை அறிவிப்பில் பார்த்துவிட்டு அறை போடுங்கள். ஏப்ரலில் திறந்ததும் போனால் தாயோடு ஒட்டிக்கொண்டு திரியும் குட்டிகள் கிடைக்கும், வெளிச்சம்தான் நான் சொன்னபடி கொஞ்சம் படுத்தும்.