மெத்தென்ற ஷூ எடையைத் தாங்குமா?

கேள்வி: வயது 41, எடை 94 கிலோ. இரண்டே ஆண்டில் 14 கிலோ ஏறிவிட்டது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று வலி. ஷூ கடையில் ஒரு பலகையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். திரையில் குதிகாலும் முன்பாதமும் சிவப்பாகத் தெரிந்தன. "அழுத்தம் அதிகம், மெமரி ஃபோம் (மெத்தென்ற நுரை) ஷூவும், அளவெடுத்துச் செய்த இன்சோலும் (ஷூவுக்குள் பாதத்தின் கீழ் போடும் அட்டை)தான் சரி" என்கிறார்கள். போட்டுப் பார்த்தேன், பஞ்சில் நடப்பது போல இருந்தது. வாங்கலாமா?

பதில்: அந்தப் பஞ்சுதான் சிக்கல்.

முதலில் சிவப்பைப் பார்ப்போம். ஒல்லியானவர் ஏறி நின்றாலும் குதிகால் சிவப்பாகத் தெரியலாம். சும்மா நிற்கும்போது எடையில் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது. அது நோயின் நிறம் இல்லை. தவிர, நிற்பதை மட்டும் பார்த்த கருவிக்கு, நீங்கள் நடப்பதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

எடை தன் வேலையைக் காட்டுவதே நடையில்தான். நிற்கும்போது காலுக்கு 47 கிலோ. நடக்கும்போது ஒரு கால் மேலே இருக்க, மற்றது மொத்தத்தையும் தாங்க வேண்டும்; ஊன்றும் வேகமும் சேர்ந்து உடல் எடையைவிட 10-20 சதவீதம் கூடுதலாக இறங்கும். உங்களுக்கு அது 103 முதல் 113 கிலோ வரை, அடிக்கு அடி. எடை ஏறும்போது பாதமும் அகலமாகும், உள்வளைவு தாழும். ஆனால் ஏறிய எடைக்கு ஈடாகப் பரப்பு கூடுவதில்லை. அதனால் அழுத்தம் கூடுகிறது, அதுவும் அதிகம் தாங்கிப் பழகாத நடுப்பாதத்தில்.

அப்புறம் சமநிலை. நேராக நிற்கிறோம் என்று நினைக்கிறோமே தவிர, கணுக்காலை அச்சாக வைத்து உடல் முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு சாய்ந்தோம் என்று உள்ளங்கால் நரம்புகள் சொல்ல, கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிக்கிறது. வயிறு முன்தள்ளினால் பாரமும் முன்னே நகரும், தசைக்கு வேலை கூடும். இதற்கிடையில் தடிமனான, மெத்தென்ற நுரையை நடுவில் வைத்தால் நரம்புக்குத் தரையின் செய்தி மங்கலாகத்தான் வரும். கடையில் பத்தடி நடந்தால் இது தெரியாது. மென்மையான நுரை உங்கள் எடைக்குச் சீக்கிரம் அமுங்கியும் போகும்.

உங்கள் பழைய ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா? அடிநுரையின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா? அப்படியானால் வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புதிதாக வாங்கும்போது சாயங்காலம் போங்கள். பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். நீளத்தில் ஒரு எண் கூட்டித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். அகலமான வகையைக் கேளுங்கள். ஷூவின் குதிகால் பகுதியை இரு விரலால் அழுத்தினால் மடங்கக் கூடாது. ஈரத்துணி பிழிவது போல முறுக்கினால் சுலபமாக முறுகக் கூடாது. விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும்.

இன்சோல்? ஆயத்தமாகக் கிடைப்பதை முதலில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும். காலை முதல் அடியில் வரும் வலி பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தசைநார்ப்பட்டையின் வேலை. எடை கூடியவர்களுக்கு அதிகம் வரும். சில வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைக்காரரிடம் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, உடல் கனம், சர்க்கரையும் உண்டு. வீட்டுக்குள் போட மெத்தைச் செருப்பு வாங்கித் தரலாமா?

பதில்: பின்பட்டை இல்லாத மெத்தைச் செருப்பு வேண்டவே வேண்டாம். தடுக்கிவிடும். மெல்லிய, கொஞ்சம் கெட்டியான அடி, பின்னால் பிடிமானம், வெல்க்ரோ பட்டை உள்ளதாகப் பாருங்கள். சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்திருந்தால் கடிப்பதே தெரியாது. எனவே போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும், இரவில் உள்ளங்காலைப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.