"எல்லா பிக்கப்புக்கும் பொருந்தும்" என்ற சீட்டை வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1970-ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. பெஞ்சு சீட்டில் ஓட்டுநர் பக்கம் குழிவிழுந்து, கவர் கிழிந்து, ஸ்பிரிங் குத்துகிறது. புதிய மாடல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு தனி சீட்டுகளை ஒருவர் விற்கிறார். எல்லா பிக்கப்புக்கும் பொருந்தும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் பழைய சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் குறைகளெல்லாம் ஸ்பிரிங், ஃபோம், கவர் சம்பந்தப்பட்டவை. இரும்புச் சட்டம் விரிசலும் கோணலும் இல்லாமல் இருந்தால், வேறு சீட் தேட வேண்டிய தேவையே இல்லை. உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, மேலே கனத்த சாக்குத் துணி விரித்து, புது ஃபோமும் கவரும் போட்டால் போதும். சாக்குத் துணியை விட்டுவிட்டால் ஸ்பிரிங் ஃபோமை அறுத்து, சீக்கிரமே மறுபடி குழி விழும். கழற்றிய கையோடு தரையில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த தகட்டில் எந்த சீட்டும் நிற்காது.

சட்டமே போய்விட்டதா? அப்படியானால் 1967 முதல் 1972 வரை வந்த அதே தலைமுறை பிக்கப்பின் சீட்டைத் தேடுங்கள். அதே காலத்து ஜிஎம்சி (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்ட்) பிக்கப்புடையதும் சரிவரும். காயலான் கடையில் வாங்கினால் முன்னும் பின்னும் நகர்த்தும் ரயிலையும் சேர்த்தே கேளுங்கள். சீட் கிடைத்துவிடும், ரயில்தான் கிடைக்காது. பெஞ்சு சீட்டில் இரண்டு பக்க ரயிலும் ஒரே நேரத்தில் பூட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூட்டினால் சீட் கோணிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்தத் தனி சீட்டுகள். உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கிறது (1973 மாடலில்தான் அது வெளியே போனது). அதனால் சாய்மானத்துக்குப் பின்னால் இடம் குறைவு. சாய்த்து உட்காரும் வசதி பேருக்குத்தான் இருக்கும். டேங்கைக் கழற்றி வெளியே எடுக்காமல் கேபினுக்குள் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். "ஒரே ஒரு டாக்கிங்தான் (சின்ன வெல்டிங் பொட்டு) சார்" என்பார்கள், அசையாதீர்கள்.

உயரமும் இடிக்கும். துளை போடுமுன் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் சீட்டை வைத்து உட்கார்ந்து பாருங்கள். பழைய ஸ்டீயரிங் பெரியது, தொடையில் முட்டலாம். கிளட்சை முழுக்க மிதிக்க முடிகிறதா, கதவு உரசாமல் மூடுகிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட் விஷயம் இன்னும் முக்கியம். சில புது சீட்டுகளில் பெல்ட் முழுவதும் சீட்டிலேயே பொருத்தியிருக்கும். மோதினால் ஆளின் பாரமும் சீட் போல்ட்டுகளுக்கே வரும். உங்கள் பழைய தரை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த வகை வேண்டவே வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டையும் விட்டுவிடுங்கள்.

எந்த சீட்டாக இருந்தாலும், தரையில் புதிதாகத் துளை போட்டால் வெறும் வாஷர் போதாது. பந்தயக் கார்களுக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) கேட்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: குறைந்தது 8 மி.மீ. போல்ட், அடியில் 3 மி.மீ. கனமும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தகடு.

விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "1970 சி10-க்குப் பொருந்தும், பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று ரசீதில் எழுதித் தருவாரா? திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். அவர் தயங்கினால் பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு நல்ல தையல்காரரிடம் போங்கள்.