வாசகர் கேள்வி–பதில்: முதல் ஆண்டில் மதிப்பெண் சரிந்தவர்கள் அமெரிக்காவில் பார்மசி படிக்க முடியுமா?

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆக ஃபார்ம்.டி. என்ற நான்காண்டுத் தொழிற்படிப்பை முடிக்க வேண்டும். அதற்கு முன் கல்லூரியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் குறிப்பிட்ட பாடங்களைப் படித்திருக்க வேண்டும். பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்பதில்லை. தொடக்கத்தில் தடுமாறியவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் மூன்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகள் இங்கே கல்லூரியில் முதல் ஆண்டு முடித்திருக்கிறாள். 30 கிரெடிட்டுக்கு ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.0. ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் பகுதியில் ‘டி’, கால்குலஸில் ‘எஃப்’, மற்றதெல்லாம் ‘பி’யும் ‘சி’யும். இப்போது பார்மசிதான் படிப்பேன் என்கிறாள். எல்லாப் பாடங்களையும் மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் போய்விடும் என்று தோழிகள் சொல்கிறார்களாம். அது உண்மையா? இன்னும் எத்தனை ஆண்டு ஆகும்?
(ஒரு தாய், நியூஜெர்சி)

பதில்: சேர முடியும், அம்மா. ஆனால் பழைய மதிப்பெண் போகாது. பாடத்தை மறுபடி எடுத்தால் பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் எடுக்கும் வழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. பெரும்பாலான பார்மசி கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போவதோ ஃபார்ம்காஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக. அது படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் (அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவு) வாங்கி, ஜி.பி.ஏ.வைத் தானே புதிதாகக் கணக்கிடும். ஒரு பாடத்தை இரண்டு முறை எடுத்திருந்தால் இரண்டு மதிப்பெண்ணும் அதில் சேரும்.

கணக்கைப் பாருங்கள். கிரெடிட் ஒன்றுக்கு ‘ஏ’ என்றால் 4 புள்ளி, ‘டி’ என்றால் 1. நான்கு கிரெடிட் கெமிஸ்ட்ரியில் ‘டி’ என்றால் 4 புள்ளி. மறுபடி எடுத்து ‘ஏ’ வாங்கினால் 16 புள்ளி. மொத்தம் 8 கிரெடிட்டுக்கு 20 புள்ளி, சராசரி 2.5. அதே ‘ஏ’யை வேறொரு புதிய நான்கு கிரெடிட் பாடத்தில் வாங்கினாலும் மொத்த ஜி.பி.ஏ. அதே அளவுதான் ஏறும். அதனால், மறுபடி எடுத்தே தீர வேண்டிய பாடங்களை மட்டும் எடுத்தால் போதும். முன்தேவைப் பாடங்களில் ‘டி’யையும் ‘எஃப்’பையும் பார்மசி கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆகவே கெமிஸ்ட்ரியும் கால்குலஸும் கட்டாயம் (கால்குலஸ் கேட்காத கல்லூரிகளும் உண்டு, பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்). ‘சி’ வாங்கிய பாடங்களை விட்டுவிடலாம். அந்த நேரத்தை அடுத்த நிலைப் பாடத்துக்குக் கொடுப்பது நல்லது. ஜெனரல் கெமிஸ்ட்ரியில் தடுமாறியவள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘ஏ’ வாங்கினால், சேர்க்கைக் குழுவுக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

ஜி.பி.ஏ. மெதுவாகத்தான் ஏறும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நடுவில் மனம் உடையாது. இப்போது 30 கிரெடிட்டில் 60 புள்ளி. அடுத்த ஆண்டு, கோடையையும் சேர்த்து, 30 கிரெடிட்டில் 3.6 வாங்கினால் மொத்தம் 168 புள்ளி, சராசரி 2.8. அதற்கடுத்த ஆண்டும் அதே 3.6 என்றால் 90 கிரெடிட்டுக்கு 276 புள்ளி, சராசரி 3.07. குறைந்தபட்சம் 2.5 கேட்கும் கல்லூரிகளும் உண்டு, 3.0 கேட்பவையும் உண்டு. குழுக்கள் மொத்த எண்ணோடு கடைசி இரண்டு ஆண்டுகளின் போக்கையும், அறிவியல் பாடங்களின் சராசரியையும் தனித்தனியே பார்க்கின்றன.

அடுத்த பருவம் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ‘டி’யும் ‘எஃப்’பும் ஏன் வந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும். மகளிடம் பழைய கெமிஸ்ட்ரித் தேர்வுத் தாள்கள் இருந்தால், தவறுகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அலகு மாற்றத்திலும் கணக்கிலும் வந்தவை, கருத்தே புரியாமல் வந்தவை, நேரம் போதாமல் விட்டவை. முதல் வகை அதிகமென்றால் கோடையிலேயே மோல் கணக்கு, அலகு மாற்றம், லாகரிதம் மூன்றையும் தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது வகை என்றால் பேராசிரியரின் அலுவல் நேரத்துக்கு முதல் வாரத்திலிருந்தே போக வேண்டும். முதல் தேர்வில் அடி வாங்கிய பிறகு போனால் தாமதம். மூன்றாவது வகை என்றால், கடிகாரத்தை வைத்துப் பழைய வினாத்தாள் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்புக்கு வெளியே வாரம் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் தேவை. 15 கிரெடிட் எடுத்தால் வகுப்பு 15, படிப்பு குறைந்தது 30, ஆக 45 மணி நேரம். இதன் மேல் 20 மணி நேரம் கடை வேலையும் செய்தால் வாரம் 65. பல பிள்ளைகளின் முதல் ஆண்டு சரிவது இந்தக் கூட்டல் கணக்கில்தான். அறிவுக் குறை என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறோம்.

பாட வரிசை இப்படி இருக்கட்டும். முதல் பருவத்தில் ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் பகுதி ஆய்வகத்துடன், புள்ளியியல், மேடைப் பேச்சு, ஒரு ஹியூமானிட்டீஸ் பாடம் (இலக்கியம், வரலாறு போன்றது). மொத்தம் 13 கிரெடிட்டைத் தாண்ட வேண்டாம். இரண்டாம் பருவத்தில் கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதி, கால்குலஸ், மீதமுள்ள உயிரியல். மூன்றாம் ஆண்டில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு பகுதிகளும், உடற்கூறும் உடலியங்கியலும், நுண்ணுயிரியலும். இயற்பியல் கேட்கும் கல்லூரியானால் அதைக் கோடையில் வைக்கலாம். ஆர்கானிக்கை மட்டும் கோடையில் எடுக்கவே வேண்டாம். 15 வாரப் பாடத்தை ஐந்தாறு வாரத்தில் நடத்துவார்கள். வினைவழிகளைப் புரிந்துகொள்ள அவகாசம் இல்லாமல் மாணவர்கள் வினைப்பொருள்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள், இரண்டாவது தேர்வில் அது கைவிட்டுவிடும்.

நடுவில் ஒரு பாடம் கையை மீறிப் போனால், விலகும் கெடு முடியும் முன் ஆலோசகரிடம் பேசி ‘டபிள்யூ’ (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) வாங்கிக்கொள்ளலாம். அது ஜி.பி.ஏ.வில் சேராது. ஆனால் அரசு கல்வி உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால், எடுத்த கிரெடிட்டில் வழக்கமாக 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்பார்கள். ‘டபிள்யூ’ எடுத்ததாகவும் முடிக்காததாகவும் கணக்காகும். ‘எஃப்’ வாங்கிய நான்கு கிரெடிட் போக மகள் இதுவரை 30-இல் 26 முடித்திருக்கிறாள். அடுத்த பருவம் 13-இல் நான்கு கிரெடிட்டை விட்டால் 43-க்கு 35, ஏறக்குறைய 81 சதவீதம். ஒன்று தாங்கும். பருவத்துக்கு ஒன்று என்று பழக்கமானால் உதவியும் நிற்கும், குழுவும் கேள்வி கேட்கும்.

எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். ஃபார்ம்காஸ் ஒவ்வொரு ஆண்டும் கோடையில் திறக்கிறது, சேர்க்கை அதற்கடுத்த ஆண்டு. பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இடத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். மகள் மூன்றாம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பிக்கலாம். அப்போது ஜி.பி.ஏ. 2.8-தான் இருக்கும். அந்தப் பருவ மதிப்பெண் வந்ததும் ஃபார்ம்காஸில் புதுப்பிக்கும் காலத்தில் சேர்த்துவிட வேண்டும். 15 கிரெடிட்டில் 3.6 என்றால் 2.96 ஆகிவிடும், ஆர்கானிக் முதல் பகுதியின் மதிப்பெண்ணும் கண்ணில் படும். எல்லாம் கூடிவந்தால் கல்லூரியில் மூன்று ஆண்டு, ஃபார்ம்.டி. நான்கு. ஒரு ஆண்டு தள்ளிப் போனாலும் கெட்டுவிடாது. அவசரப்பட்டு 18 கிரெடிட் எடுத்து இன்னொரு ‘டி’ வாங்குவதுதான் கெடுக்கும்.

கேள்வி: பள்ளியிலிருந்தே ஆறாண்டு பார்மசித் திட்டத்தில் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் 2.4 வந்ததால் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். வேறிடத்தில் விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்லத்தான் வேண்டுமா? ஒரு கல்லூரி இப்போதே வரச் சொல்கிறது, மூன்றே ஆண்டில் முடித்துவிடலாமாம். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிச் சரிக்கட்ட முடியுமா?
(ஒரு மாணவர், டெக்சாஸ்)

பதில்: தம்பி, பி.கேட் நுழைவுத் தேர்வு இப்போது இல்லை. 2024 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஒரே நாள் தேர்வால் பழைய மதிப்பெண்ணை ஈடுகட்டும் வழி போய்விட்டதால், இனி எடுக்கும் பாடங்களின் மதிப்பெண்தான் உங்களுக்காகப் பேசும்.

நீக்கப்பட்டதைச் சொல்லத்தான் வேண்டும். படித்த எல்லா இடங்களையும் ஃபார்ம்காஸில் எழுதியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். சுயவிவரக் கட்டுரையில் இதற்கு மூன்று வாக்கியம் ஒதுக்குங்கள்: என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள், மாற்றியதற்குச் சான்று எந்தப் பாடத்தின் எந்த மதிப்பெண். பேராசிரியரையும் பாடச் சுமையையும் குறை சொல்ல வேண்டாம். மீதிக் கட்டுரை பார்மசியைப் பற்றி இருக்கட்டும். அதை எழுத ஏதாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மாநில பார்மசி வாரியத்தின் பதிவு விதிகளைப் படித்து ஒரு மருந்துக் கடையில் டெக்னீஷியனாகச் சேருங்கள். காப்பீடு மறுத்த மருந்தோடு ஒரு நோயாளி முகப்பில் நிற்கும்போது மருந்தாளுநர் என்ன செய்கிறார் என்று பார்த்தவர் எழுதுவதும், பார்க்காதவர் எழுதுவதும் முதல் பத்தியிலேயே வேறுபட்டுவிடும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று அந்த மருந்தாளுநரிடமிருந்தும், ஒன்று நீங்கள் மீண்டு வந்த அறிவியல் பாடத்தின் பேராசிரியரிடமிருந்தும் வரட்டும்.

இப்போதே வரச் சொல்லும் கல்லூரியிடம் ‘சரி’ சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள். பார்மசிப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏ.சி.பி.இ. அமைப்பின் அங்கீகாரம் முழுமையானதா, இன்னும் வேட்பு நிலையிலா (முழு அங்கீகாரத்துக்கு முந்தைய நிலை)? நேப்லெக்ஸ் உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எத்தனை சதவீதம்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள்? கடைசிக் கேள்விதான் உங்களுக்கு முக்கியம். எளிதாகச் சேர்த்துக்கொண்டு முதல் ஆண்டிலேயே பலரை இழக்கும் கல்லூரியில் சேர்ந்தால், பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. மூன்றாண்டுத் திட்டம் நான்காண்டுப் பாடத்தைக் கோடை விடுமுறையே இல்லாமல் நடத்துவது. 2.4-இல் நிற்கும் ஒருவருக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு ஆண்டு உயர்நிலை உயிரியல், உயிர்வேதியியல் பாடங்களில் 3.5-க்கு மேல் வாங்கிவிட்டு நான்காண்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: சென்னையில் 2022-இல் பி.ஃபார்ம். முடித்தேன். முதல் இரண்டு செமஸ்டரில் நான்கு அரியர், பிறகு எல்லாம் கிளியர். திருமணமாகி எச்-4 விசாவில் ஹூஸ்டன் போகிறேன். அங்கே நேரடியாக மருந்தாளுநர் தேர்வு எழுதலாமா? அரியர் தடையாகுமா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: தடையாவது அரியர் அல்ல, படிப்பின் நீளம். வெளிநாட்டில் பார்மசி படித்தவர்களுக்கான எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வை எழுத, 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். நம் பி.ஃபார்ம். நான்காண்டுதான். ஆகவே நீங்கள் அமெரிக்காவில் ஃபார்ம்.டி. சேர வேண்டியிருக்கும். எச்-4 விசாவில் முழுநேரம் படிக்கலாம். சம்பள வேலைக்குத் தனி அனுமதி வேண்டும்.

புறப்படும் முன் சென்னையிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. எட்டு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியல்களையும், அரியர் எழுதிய தாள்கள் உட்பட, பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்டாக வாங்குங்கள். பாடவாரியான மதிப்பீட்டுக்கு அதை, வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கிரெடிட் கணக்கில் மாற்றிச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் கையில் இருக்கட்டும், அங்கே போன பிறகு அதை வாங்குவது அலைச்சல். பிளஸ் டூவில் உயிரியல் படித்து, முதல் செமஸ்டரில் ரெமிடியல் மேத்தமேடிக்ஸ் எழுதியிருந்தால், இரண்டு கிரெடிட் கொண்ட அந்தப் பாடத்தைக் கால்குலஸுக்கு ஈடாகப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். புள்ளியியல், மேடைப் பேச்சு, பொருளியல் போன்றவையும் விடுபடலாம். அவற்றை ஹூஸ்டனில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டில் எடுத்து ‘ஏ’ வாங்கினால், 2018–19 அரியருக்குப் பக்கத்தில் அமெரிக்க மதிப்பெண் ஒன்று நிற்கும். எந்தெந்தப் பாடம் குறைகிறது என்று நீங்கள் குறிவைக்கும் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டி எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கட்டணம் கட்டுங்கள்.